கோல்மன் அயர்லாந்துப் பிடிலைக் காத்தாரா, கெடுத்தாரா?

8 ஜனவரி 2023 (ஒரு வாசகரின் கேள்வி)

மைக்கேல் கோல்மன் என்ற அயர்லாந்துப் பிடில்காரரின் பழைய இசைத்தட்டுகளை ஒரு வாரமாகக் கேட்கிறேன். எல்லோரும் மேதை என்கிறார்கள். என் காதில் விழுவது வேகமும் கீறல் சத்தமும்தான். அங்கே ஊருக்கு ஊர் இருந்த பாணிகளை ஒழித்ததே இவருடைய தட்டுகள் என்றும் ஓரிடத்தில் படித்தேன். அமெரிக்காவில் உட்கார்ந்து ஒருவர் வாசித்ததை நாடே காப்பியடித்ததாம். உண்மையா?

9 ஜனவரி 2023, இரவு

இல்லை.

கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு நாள் பொறுத்துத்தான் எழுதுகிறேன். நான் அயர்லாந்தின் ஸ்லைகோவில் நாலரை வருடம் வேலை பார்த்தவள். கோல்மன் பிறந்த மண்ணிலிருந்து காரில் முக்கால் மணி நேரத்துக்குள்தான் என் வாடகை வீடு. சின்ன வயதில் கும்பகோணத்தில் எட்டு வருடம் வயலின் கற்றேன். எங்கள் பாட்டி அதைப் பிடில் என்றுதான் சொல்வாள். அயர்லாந்து போனபோது அங்கேயும் அதே பேர். பாட்டி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கோல்மன் 1891 ஜனவரி 31 அன்று ஸ்லைகோ கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தெற்கே கில்லாவில் என்ற ஊர்ப் பக்கம் நாக்கிரேனியா என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைசி. அப்பா புல்லாங்குழல் வாசிப்பவர். ஊர் ஊராகப் போகும் இசைக்காரர்கள் வந்து தங்கி வாசிக்கும் வீடு அது. அக்கம்பக்கத்தார் அந்த வீட்டையே ‘மியூசிக் ஹால்’ என்றார்களாம். ஸ்லைகோ இசைப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். 1914-ல் அமெரிக்கா போனார். 1921-க்கும் 1936-க்கும் நடுவில் ஏறக்குறைய 80 பக்கங்கள் பதிவு செய்தார். 1945 ஜனவரி 4 அன்று நியூயார்க்கில் இறந்தார். இன்னும் 27 நாள் இருந்திருந்தால் 54 நிறைந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பவே இல்லை. அந்த 80 பக்கங்கள்தான் திரும்பி வந்தன.

10 ஜனவரி 2023

பக்கம் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 78 தட்டு என்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே.

இந்த மூன்று நிமிடத்தை மறந்துவிட்டு கோல்மனைப் பற்றிப் பேச முடியாது. ரீல் என்ற ஆட்ட மெட்டில் பொதுவாக இரண்டு பகுதி இருக்கும். ஒவ்வொன்றும் எட்டு அளவு (தாளக் கட்டம்), ஒவ்வொன்றையும் இருமுறை வாசிக்க வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு 32 அளவு. நல்ல ஆட்ட வேகத்தில் அது சுமார் 35 விநாடி. அப்படியென்றால் ஒரு பக்கத்துக்கு ஐந்து சுற்று, அவ்வளவுதான் இடம். அதற்குள் இரண்டு மெட்டு, சமயத்தில் மூன்று மெட்டு கோத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்றை மாற்றி, முடித்தாக வேண்டும்.

ஊரில், ஒரு வீட்டின் சமையலறையில், ஆடுகிறவர்கள் களைத்து உட்காரும் வரை ஒரே மெட்டை வாசித்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே சாவகாசமாக வரக்கூடிய மாற்றங்களைக் கோல்மன் ஐந்து சுற்றுக்குள் அடக்கினார். உங்களுக்கு வேகமாகக் கேட்பதில் பாதி இந்த நெரிசல்தான்.

14 ஜனவரி 2023

வேகம் பற்றி இன்னொன்று. பொங்கல் விடுமுறை என்பதால் பிடிலை எடுத்து உட்கார்ந்தேன்.

1934-ல் டெக்கா நிறுவனத்துக்காக அவர் வாசித்த டார்போல்டன், லாங்ஃபோர்ட் கலெக்டர், செய்லர்ஸ் பானெட் என்ற மூன்று ரீல்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அயர்லாந்தில் இன்றைக்கும் ஒருவர் டார்போல்டனைத் தொடங்கினால் மற்ற இரண்டும் தாமாகப் பின்னால் வரும், அதே வரிசையில். 1934-ல் ஒருவர் கோத்த மாலை இன்னும் அவிழவில்லை. அதனோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று தந்தியை மீட்டினால் சுருதி சேரவில்லை. என்னிடம் இருக்கும் நகலில் அது ஒரு கட்டைக்கும் அடுத்த அரைக் கட்டைக்கும் நடுவில் நிற்கிறது.

காரணம் யோசித்தேன். 78 தட்டு என்று பேர்தானே தவிர, பதிவு செய்த இயந்திரம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில்தான் ஓடியது என்று சொல்ல முடியாது. பதிந்தபோது மெதுவாகச் சுற்றியதை இன்று 78-ல் ஓட்டினால் வேகமும் ஏறும், சுருதியும் ஏறும். அரைக் கட்டை ஏறினால் வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும். மூன்று நிமிட வாசிப்பு 2 நிமிடம் 50 விநாடியில் முடிந்துவிடும். ஆட்ட இசையில் அந்தப் பத்து விநாடி பெரிய விஷயம்.

ஆக, நீங்கள் கேட்ட வேகம் கோல்மனின் வேகமே இல்லாமலும் இருக்கலாம்.

15 ஜனவரி 2023

நேற்று எழுதியதில் ஓர் ஓட்டை இருக்கிறது. காலையில் காபி போடும்போதுதான் உறைத்தது.

அந்த ஊர்ப் பிடில்காரர்களில் சிலர் நாதம் பளிச்சென்று கேட்கட்டும் என்று தந்திகளை அரைக் கட்டை ஏற்றியே கட்டுவார்கள். பலர் கூடி வாசிக்கும் செஷன்கள் இரண்டில் நானே பார்த்திருக்கிறேன். அப்படிக் கட்டியிருந்தால் சுருதி ஏறியிருப்பதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. சுருதியை மட்டும் வைத்துத் தட்டு வேகமாக ஓடுகிறது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். கணக்கு மட்டும் நிற்கட்டும்.

21 ஜனவரி 2023

கீறல் சத்தத்துக்கு வருகிறேன். 1925 வரை மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றின் வாய்க்கு நேரே நின்று வாசிக்க வேண்டும், அந்தச் சத்தத்தின் அதிர்வே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு போடும். கோல்மனின் முதல் நான்கு வருடத் தட்டுகள் அந்த வகை. புனலுக்குள் பிடில் எப்போதும் மெலிந்துதான் போகும், பியானோ தகர டப்பா போலக் கேட்கும்.

பியானோ என்றதும் வயிறு எரிகிறது. அந்தத் தட்டுகளில் பக்கவாத்தியம் வாசித்தவர்களில் பலருக்கு மெட்டே தெரியாது. இவர் ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது பியானோ பழைய இடத்திலேயே இரண்டு அளவு நின்றுகொண்டிருக்கும். நல்ல மிருதங்கம் அமையாத கச்சேரி எத்தனை கேட்டிருப்போம்! ஆனால் கச்சேரி முடிந்தால் போய்விடும், தட்டில் அது நூறு வருடம் இருக்கிறது. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை: பியானோவைக் காதிலிருந்து தள்ளிவிட்டு வில்லை மட்டும் பின்தொடருங்கள். எந்த இடத்தில் வில் திரும்புகிறது என்று பாருங்கள். மெட்டின் சந்துகளில் திரும்பாது. அளவுக்கோட்டைத் தாண்டிக்கொண்டு போய், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் திரும்பும். அந்தத் தூக்கல்தான் தெற்கு ஸ்லைகோ.

நடுவிரல் ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது மேலும் கீழும் ஒரு தட்டு தட்டி வருவதை ‘ரோல்’ என்பார்கள். எங்கள் சார் சொல்லிக்கொடுத்த ஸ்புரிதம் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றல்ல. நம்முடையது ஸ்வரத்தை அழுத்தும். அவர்களுடையது தாளத்தில் ஒரு முடிச்சுப் போடும்.

22 ஜனவரி 2023

சரி, கேள்வியின் இரண்டாம் பாதி: பாணிகளை ஒழித்தாரா?

தட்டு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1916-ல் நியூயார்க்கில் எலன் ஓ'பர்ன் டெவிட் என்ற பெண்மணி இசைக்கடை நடத்தினார். அயர்லாந்துக்காரர்கள் கடைக்கு வந்து நம்ம ஊர் ஆட்ட இசைத் தட்டு இருக்கா என்று கேட்பார்கள், இருக்காது. கொலம்பியா நிறுவனத்திடம் போய், பதிவு செய்யுங்கள், 500 தட்டு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அக்கார்டியனும் பாஞ்சோவும் சேர்ந்து வாசித்த தட்டு வந்தது, விற்றது. அப்புறம்தான் நிறுவனங்களுக்கு ஊர் ஏக்கத்துக்கும் விலை உண்டு என்று தெரிந்தது. கோல்மன் 1921-ல் உள்ளே வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

வாங்கியவர்கள் அதை ஊருக்கும் அனுப்பினார்கள். அதுவரை அக்கரைக்குப் போனவனின் சத்தம் திரும்பி வந்ததில்லை, பணமும் கடிதமும்தான் வரும். இப்போது பக்கத்து வீட்டுப் பையன் வாசிப்பது கிராமபோனில் கேட்கிறது. ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் தெருவே அங்கே கூடும். வாசிக்கிறவர்கள் தட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டி மெட்டைப் பிடித்தார்கள். டோனிகால், கிளேர் போன்ற மற்ற கவுண்டிகளிலும் ஸ்லைகோ மெட்டுகள் நுழைந்தன. இதுவரை நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.

ஒழிந்தனவா என்றால், ஒழியவில்லை.

கெர்ரி, கார்க் என்ற இரண்டு கவுண்டிகளும் தொடும் மலைப்பகுதி ஸ்லீவ் லூக்ரா. அங்கே பாட்ரிக் ஓ'கீஃப் (1887–1963) என்ற வாத்தியார் இருந்தார். 1920-ல் பள்ளி வேலை போயிற்று. அதன் பிறகு வீடு வீடாக நடந்தே போய்ப் பிடில் சொல்லிக்கொடுத்தார். ஸ்வரம் எழுதத் தனி முறை வைத்திருந்தார்: கோடுகளின் நடுவே உள்ள நான்கு இடைவெளி நான்கு தந்தி, அதில் போடும் எண் விரல். நோட்டு படிக்கத் தெரியாத பையனும் அன்றைக்கே வாசிக்கலாம். டெனிஸ் மர்ஃபியும் அவர் தங்கை ஜூலியா கிளிஃபர்டும் அவரிடம் கற்றவர்கள். அங்கே போல்கா என்ற ஆட்ட மெட்டுதான் ராஜா, இன்றைக்கும் அப்படியே. எந்த நியூயார்க் தட்டும் அதை அசைக்கவில்லை.

டோனிகாலில் ஜான் டொஹர்ட்டி, 1980-ல் இறந்தார். ஊர் ஊராகத் திரிந்த தகரவேலைக் குடும்பம். பல சமயம் கையில் பிடில் எடுத்துப் போக மாட்டார், போகிற வீட்டில் இருப்பதை வாங்கி வாசிப்பார். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில் என்று வெட்டி வெட்டி வாசிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கோல்மனுக்கு நேர் எதிர். அதுவும் இருக்கிறது.

கிளேரில் மார்ட்டின் ஹேய்ஸ் இன்றும் ஒரு ரீலை மூச்சுவிட இடம் கொடுத்து மெதுவாக வாசிக்கிறார். அவர் அப்பா ‘துல்லா கேலி பாண்டு’ என்ற ஆட்ட இசைக் குழுவில் வாசித்தவர். எங்கே ஒழிந்தது?

22 ஜனவரி 2023, நள்ளிரவு

டொஹர்ட்டியைப் பற்றி எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. டொஹர்ட்டி குடும்பத்தார் ஸ்காட் ஸ்கின்னர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் தட்டுகளைக் கேட்டுக் கற்றவர்கள். ஆக டோனிகால் பாணி தட்டே கேட்காமல் தூய்மையாக நின்ற பாணி அல்ல, வேறு தட்டைக் கேட்ட பாணி. ‘தட்டுதான் பாணியைக் கெடுத்தது’ என்பது உங்கள் கட்சி. ‘தட்டு தொடாத பாணி பிழைத்தது’ என்று நான் பதில் கட்சி கட்டப் பார்த்தேன். இரண்டுமே நிற்காது போலிருக்கிறது.

2 பிப்ரவரி 2023

மதுரையிலிருந்து ஒரு நண்பர் கேட்கிறார்: தட்டு இல்லையென்றால் வேறு எது?

குடிபெயர்வு முதலில். கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைகள் கப்பலேறிப் போனால் பாணி யாரிடம் தங்கும்? அப்புறம் 1935-ன் பொது நடன அரங்குச் சட்டம். பொது ஆட்டத்துக்கு நீதிமன்ற உரிமம் வேண்டும் என்றது. வீட்டுச் சமையலறையில் ஆடுவதை அது பேர் சொல்லித் தடுக்கவில்லை. ஆனால் பாதிரியாரும் போலீசும் அப்படித்தான் நடத்தினார்கள். வீட்டாட்டம் குறைந்தது, கூடத்தில் ஆட்டம் பெருகியது. கூடம் பெரியது, ஒற்றைப் பிடில் பின்வரிசைக்குக் கேட்காது. பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் கேலி பாண்டுகளுக்கு அது நல்ல காலம். பத்துப் பேர் சேர்ந்தால் ஆளுக்கொரு பாடாந்தரம் (மெட்டின் தனி வடிவம்) வைத்துக்கொள்ள முடியாது, எல்லோரும் ஒன்றையே வாசிக்க வேண்டும்.

1951-க்குப் பிறகு போட்டிகளும் சேர்ந்துகொண்டன. நடுவருக்குப் பழகிய பாணிக்கு மதிப்பெண் விழும். நம் சபா போட்டிகளில் குழந்தைகளை அனுப்பியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தனையையும் விட்டுவிட்டு, 1945-லேயே இறந்துபோன ஒருவர் தலையில் பழியைப் போடுவது நியாயமில்லை.

11 பிப்ரவரி 2023

அவர் வாழ்க்கையைப் பற்றி இன்னும் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கா போனதும் கீத் என்ற வாடெவில் (பல்சுவை மேடை நிகழ்ச்சி) அரங்குத் தொடரில் ஊர் ஊராகப் போனார். கால் நடனமும் நன்றாக வரும், ஆடிக்கொண்டே வாசிப்பாராம். 1917-ல் நியூயார்க்கில் மேரி ஃபானிங்கைக் கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள். அதே காலத்தில் அதே தெற்கு ஸ்லைகோவிலிருந்து ஜேம்ஸ் மாரிசன், பாடி கில்லோரன் இருவரும் நியூயார்க் வந்து பெரிய பிடில்காரர்கள் ஆனார்கள். மூவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள், ஆனால் பிழைப்பு வேறு வேறு. மாரிசன் பாடம் நடத்தினார், குழு வைத்தார். கில்லோரன் மதுக்கடை நடத்தினார், ஆர்கெஸ்ட்ரா நடத்தினார். கோல்மன் வாசித்தார். பக்கத்தில் வேறு தொழில் என்று ஒன்றை அவர் நிலையாக வைத்துக்கொள்ளவில்லை.

1929-ல் பங்குச் சந்தை விழுந்தது, தட்டு வியாபாரமும் படுத்தது. இருபதுகளில் அத்தனை நிறுவனங்களுக்கு வாசித்தவருக்கு முப்பதுகளில் வாய்ப்பு விரல்விட்டு எண்ணும் அளவுதான். அந்தக் குறைந்த வாய்ப்பில்தான் 1934-ன் மூன்று மெட்டு வந்தது. 1936-க்குப் பிறகு கடைக்கு வந்த தட்டு இல்லை. 45 வயது. ஒரு பிடில்காரனுக்குக் கை பழுக்கும் வயது அது. கடைசி எட்டு வருடம் அவர் எப்படி வாசித்தார் என்பதைக் கடையில் வாங்கிக் கேட்க வழியில்லை. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைக்கிறது.

நியூயார்க்கின் பிராங்ஸில் செயின்ட் ரேமண்ட் கல்லறையில் அடக்கம்.

12 பிப்ரவரி 2023

நேற்று விட்டது: அவருக்கு ஜிம் என்று ஓர் அண்ணன். அவரும் பிடில். ஊரிலேயே இருந்தார். மைக்கேலைவிட ஜிம்தான் நல்ல கை என்று சொன்னவர்கள் அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். ஜிம் வாசித்து ஒரு தட்டுகூட வரவில்லை.

ஒரு வீடு, இரண்டு அண்ணன் தம்பி. போனவர் உலகம் அறிந்த கோல்மன். இருந்தவரைப் பற்றி நமக்கு மிஞ்சியது ஒரு வாக்கியம். பாணிகள் ஒழிந்தன என்று நாம் பேசுகிறோமே, அதில் எனக்கு வலிக்கும் இடம் இதுதான். டோனிகாலும் கிளேரும் தப்பித்துக்கொண்டன. கோல்மனின் சொந்த வீட்டில், அதே திண்ணையில், அதே மெட்டுக்கு இருந்த இன்னொரு பாடாந்தரம் போய்விட்டது. ஸ்லைகோ என்றால் இந்த 80 பக்கம் என்று ஆகிப்போனதில் முதலில் காணாமல் போனது ஸ்லைகோவேதான்.

ஜனவரி 9-ல் ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னேன். கேள்வி கேட்ட தம்பிக்கு அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன விதத்தில் இல்லை. வேறொரு விதத்தில், நீங்கள் நினைத்த இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில், ஆமாம்.

5 மார்ச் 2023

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் நோட்டுஸ்வரம் பற்றிக் கேட்டிருக்கிறார், கேட்டது நல்லதாயிற்று.

முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் சென்னைக் கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் வாசித்த இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அவர் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்ததும் அதே மணலிக் காலம்தான். ‘வந்தே மீனாக்ஷி’யின் மூல மெட்டு ‘லிமரிக்’ என்ற அயர்லாந்து மெட்டு. ‘ஜகதீச குருகுஹ’வுக்கு மூலமாக ஆய்வாளர்கள் காட்டுவது ‘லார்ட் மெக்டொனால்ட்’ ரீல். அது ஸ்காட்லாந்தில் தோன்றி அயர்லாந்துக்குள் வந்த மெட்டு.

கோல்மன் தட்டுகளில் புகழ்பெற்ற ஒன்றின் பெயரும் ‘லார்ட் மெக்டொனால்ட்’தான்.

தீட்சிதர் இறந்து 56 வருடம் கழித்துப் பிறந்தவர் கோல்மன். எட்டு வயதில் எங்கள் சார் ‘வந்தே மீனாக்ஷி’ சொல்லிக்கொடுத்தபோது வில்லை நீட்டி, மிலிட்டரி பாண்டு மாதிரி நிமிர்ந்து வாசிக்கச் சொன்னார். ஸ்லைகோவில் ஒரு பப்பில் அதையே வாசித்துக் காட்டினேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இரண்டாம் சுற்றில் கூடவே சேர்ந்துகொண்டார்கள். மெட்டு தெரிந்ததாலா, பழகின நடையாக இருந்ததாலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த நிமிடத்தில் அது தோன்றவும் இல்லை.

19 மார்ச் 2023

ஒரு நண்பர் கோபமாக எழுதியிருக்கிறார்: கோல்மனைப் புகழ்ந்து தொடங்கி, பாதி வழியில் கட்சி மாறிவிட்டேனாம். மாறவில்லை. அவர் வாசித்ததில் ஒரு வில்லைக்கூட நான் குறை சொல்லவில்லை. அந்த மனிதர் ஒரே மெட்டை ஐந்து சுற்றில் ஐந்து விதமாக வாசித்தார். கேட்டவர்கள் அந்த ஐந்தையும் மனப்பாடம் செய்து, முதல் சுற்று இப்படி, இரண்டாம் சுற்று இப்படி என்று அச்சாக்கினார்கள். மாற்றி வாசி என்று அவர் வில் சொன்னதை, இப்படித்தான் மாற்ற வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் இன்னொரு நாள் வேறு மாதிரி வாசித்திருப்பார். அந்த இன்னொரு நாளுக்குத் தட்டு இல்லை.

நல்ல பதிவு தேடுகிறவர்களுக்கு: 1992-ல் கேல் லின் நிறுவனம் ஹாரி பிராட்ஷாவின் உழைப்பில் இரட்டைக் குறுந்தட்டு வெளியிட்டது. முதலில் 1934-ன் மூன்று மெட்டைக் கேளுங்கள், அப்புறம் ‘லார்ட் மெக்டொனால்ட்’. இருபதுகளின் தட்டுகளைக் காது பழகியபின் எடுங்கள்.

30 ஜூலை 2023

விடுப்பில் ஸ்லைகோ போய் வந்தேன். கர்ட்டீனில் கோல்மன் பேரில் இசை மையம் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில், அவர் பிறந்த இடத்துப் பக்கம் மவுண்ட் அர்வினில், 1974-ல் நிறுத்திய நினைவுக் கல். நாலரை வருடம் அங்கே இருந்தும் பாட்டின் நினைப்பில் அந்தக் கல்லைச் சும்மா பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த முறை நின்று படித்தேன். அயர்லாந்து மரபிசையின் மீட்பர், நாடு கடந்த மண்ணில் இறந்தவர் என்கிறது. நம் தம்பி கேட்ட கேள்விக்கு ஊர் கல்லிலேயே பதில் வெட்டியிருக்கிறது. ஆனால் அதே கல்லில், இந்தக் குன்றில் அவருக்கு முன்னால் வாசித்து அவரைத் தூண்டிய முதிய தலைமுறைக்கும், பின்னால் வந்து மரபைக் காத்தவர்களுக்கும் சேர்த்து மரியாதை செய்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பேர் போடவில்லை. ஜிம்மும் அந்தப் பேர் போடாத வரிக்குள்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மழை பிடித்துக்கொண்டது.

6 ஆகஸ்ட் 2023

போன தடவையே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று. அந்தப் பக்கத்தில் ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர். செஷனில் செய்லர்ஸ் பானெட் வந்தால் இரண்டாம் பகுதியில் இரண்டு அளவு மட்டும் வேறு மாதிரி வாசிப்பார். தட்டில் அப்படி இல்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து, இதோ கோல்மனுக்கு முந்தைய ஸ்லைகோ, தட்டு தொடாத பாடாந்தரம் என்று நான் மனதுக்குள் பொத்தி வைத்திருந்தேன். எத்தனையோ பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இந்த முறை அவர் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். அத்தையிடமிருந்து என்றார். அத்தைக்கு? கோல்மன் தட்டிலிருந்துதான் என்றார். வீட்டில் இருந்த ஒரே தட்டு, அந்த இடத்தில் கீறல், ஊசி தாண்டிப் போகும். அத்தை அந்த இரண்டு அளவைக் கேட்டதே இல்லை. இடைவெளியைத் தானே வாசித்து நிரப்பிக்கொண்டாள். ‘அவள் வாசித்ததுதான் எனக்குச் சரியாகப் படுகிறது’ என்று சொல்லிவிட்டு அடுத்த மெட்டைத் தொடங்கிவிட்டார்.

அவர் அனுமதியோடு போனில் பதிந்து வந்தேன்.

9 ஆகஸ்ட் 2023

அத்தையின் இரண்டு அளவை எழுதிப் போடச் சொல்லி ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சரளி எழுதுவது போல ஸ்வரத்தில் எழுதிப் போடுகிறேன். ஓ'கீஃப் முறையில் விரல் எண்ணும் தருகிறேன், கர்நாடகப் பிடில் சுருதி வைத்திருப்பவர்கள் தந்தியை மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

எழுத்தில் வராத ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். முந்தைய அளவின் கடைசி ஸ்வரத்திலேயே வில்லை மேலே தள்ளத் தொடங்கி, நிறுத்தாமல் உள்ளே போய்விடுங்கள். அவர் அப்படித்தான் வாசித்தார்.